அப்பாவுக்கு 74, மாமாவுக்கு 44: பைபாஸுக்கு வயசப் பாக்கறதா, சீக்கப் பாக்கறதா?

கோபி_தோட்டம்:
அப்பா இன்னமும் விடியக்கால கட்டுத்தரையக் கூட்டி, பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு வர்றவருங்க. போன வாரம் கோயமுத்தூர்ல ஆஞ்சியோ. மூணு குழாய்லயும் அடைப்பு, பைபாஸ்னுட்டாங்க. எடை 55 கிலோ, சக்கரை இல்ல, கிட்னிக்குப் பாக்கற ரத்த டெஸ்ட்டு, கிரியாட்டினின் 1.4. ஒரம்பரைச் சனமெல்லாம் "இந்த வயசுல நெஞ்சப் பொளக்கோணுமா"ங்கறாங்க. ஆனா திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கற மாமாவுக்கு 44 தான். அதே ஆபரேஷன் பண்ணி, நெஞ்சுப் புண்ணு ஆறாம ஒன்றரை மாசம் அலைஞ்சாரு. எதை நம்பறது?

சோமனூர்_தறி:
எங்கய்யனுக்கு 71ல பண்ணுனோம். இப்ப நல்லாருக்கறாரு. மூணாம் நாள் ராத்திரி மட்டும் "கரண்ட் வந்துருச்சு, தறிய ஓட்டு"ன்னு ஐசியூல நர்ஸை அதட்டிட்டிருந்தாரு. ரெண்டு நாள்ல தெளிஞ்சுது. வயசானவங்களுக்கு அப்படி வரும்னு முன்னாடியே ஒருத்தராச்சும் சொல்லியிருந்தா நாங்க அந்த அழுகை அழுதிருக்க மாட்டோம்.

ஐசியூ_அக்கா:
தம்பி, ஹார்ட் ஐசியூல பதினோரு வருசம் நர்ஸா இருந்தேன். உங்க மாமா இன்சுலின் போடறவருங்களா? சிகரெட்டு உண்டா? நெஞ்சுக்கூட்டுக்குள்ள இருந்து எடுத்து ஒட்டற தமனிதான் பொளந்த நெஞ்செலும்புக்கும் ரத்தம் குடுக்கறது. அதை எடுத்த பொறவு சக்கரையும் ஏறிக் கெடந்தா புண்ணு எப்படிங்க கூடும்?

ஆபரேஷன்ல உசுருக்கு எவ்வளவு ஆபத்துன்னு பாக்க, யூரோஸ்கோர் 2ன்னு டாக்டருங்க ஒரு கணக்கு போடுவாங்க. அதுல 60 வயசு வரைக்கும் எல்லாரும் ஒண்ணுதான், அதுக்கு மேல வருசத்துக்கு வருசம் ஏறும். சக்கரை, இன்சுலின் போட்டாத்தான் கணக்குல வரும். நடமாட்டம் முடங்கியிருந்தாலும் ஏறும். கட்டுத்தரை கூட்டறவருக்கு அந்தக் கவலை இல்ல.

எனக்கு உறுத்தறது அந்த 1.4. அதை வெச்சுக் கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு பாக்கலாம். 140ல வயசக் கழிச்சு, எடையால பெருக்கி, 72ஐ கிரியாட்டினினால பெருக்கி வர்றதால வகுங்க. ஆம்பளைங்களுக்கு இதுதான் கணக்கு. அப்பாவுக்கு 36 வருது. அதே எடை, அதே 1.4, மாமா வயசுன்னா 52. அந்த ஸ்கோர்ல 50க்குக் கீழ போனாலே கிட்னி ரொம்பப் பழுதுன்னுதான் எழுதுவாங்க. வயசாக ஆக சதை வத்தும், கிரியாட்டினின் கம்மியாத்தான் ஊறும். அதனால கிட்னி சோந்தாலும் ரிப்போர்ட்டுல பெருசாத் தெரியாது. ஆஞ்சியோ மருந்தும் கிட்னியத் தொடும். ஆபரேஷனுக்கு முன்ன இன்னொருக்கா ரத்தம் பாக்கச் சொல்லுங்க.

அப்பறம், மூட்டுவலி மாத்திரை ஏதாச்சும் திங்கறாருங்களா? அதுவும் கிட்னியத் தொடும்.

கோபி_தோட்டம்:
மாமாவுக்கு இன்சுலின், சிகரெட்டு ரெண்டுமே உண்டுங்கக்கா. அப்பாகிட்ட இப்பத்தான் கேட்டேன். முழங்கால் வலிக்குன்னு சந்தைக்குப் போறப்பெல்லாம் மெடிக்கல்ல பத்து மாத்திரை வாங்கிட்டு வருவாராம், மூணு வருசமா. அம்மாவுக்கே தெரியாது. அட்டையப் போட்டோ எடுத்து வெச்சுட்டேன், காலைல டாக்டர்கிட்ட காட்டறேனுங்க.