புத்தர் அடிமையைச் சங்கத்தில் சேர்க்க மறுத்தாரா? அப்படியென்றால் சமத்துவம் எங்கிருந்து வந்தது?

வெட்டாற்றங்கரை:

என் தாத்தா திருவாரூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் பண்ணையாள். அவருடைய அப்பா கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனுக்காக இவர் உழைத்தார். மொத்தக் கடன் எவ்வளவு என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. அது பண்ணைக் கணக்குப்பிள்ளைக்கு மட்டும் தெரிந்த விஷயம். கூலி, மரக்காலில் அளந்த நெல். கொடுக்கிற மரக்கால் வேறு, வாங்குகிற மரக்கால் வேறு என்று அப்பாயி சொல்லும்.

அப்பா வாத்தியார் ஆனார். எங்கள் வீட்டு நடையில் அம்பேத்கர் படமும் அதன் கீழே ஒரு சின்ன புத்தர் சிலையும் உண்டு. இரண்டையும் சேர்த்தே பார்த்து வளர்ந்ததால் இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதே இல்லை. இப்போது எங்கள் வாசிப்பு வட்டத்தில் ‘தம்மமும் அரசியலமைப்பும்’ என்று அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததும் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று, வினயபிடகம், அதாவது பௌத்தத் துறவிகளுக்கான விதிகளின் தொகுப்பு. அடிமையாக இருப்பவனுக்குத் துறவு கொடுக்கக் கூடாது என்று அதில் விதி இருக்கிறது. என் தாத்தா அந்தக் காலத்தில் பிறந்து, தப்பித்து ஓடி விகாரை வாசலில் போய் நின்றிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள், இல்லையா?

இன்னொன்று, வினை. தியான வகுப்பில் ஒருவர், நல்ல மனிதர்தான், தாத்தா கதையைக் கேட்டுவிட்டு “அது அவர் கொண்டு வந்த கர்மா” என்றார். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லத் தெரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்பேத்கரோ 1954ல் அகில இந்திய வானொலியில் பேசும்போது, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் பிரெஞ்சுப் புரட்சியிடம் கடன் வாங்கவில்லை, என் ஆசான் புத்தரிடமிருந்து எடுத்தேன் என்கிறார். எந்தப் புத்தரிடமிருந்து? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புகழ்ச்சி வேண்டாம்.

பாலி மாணவி:

விதி உண்மைதான், வினயபிடகத்தின் மகாவக்கம் என்ற பகுதியில் இருக்கிறது. பூசி மெழுக வேண்டாம். ஆனால் அதற்குப் பக்கத்தில் இருக்கும் விதிகளையும் சேர்த்துப் படியுங்கள். பிம்பிசாரனின் படைவீரர்கள் சிலர் போருக்குப் போகப் பிடிக்காமல் துறவு வாங்கிவிடுகிறார்கள். ராஜா வந்து முறையிடுகிறான். படைவீரனைச் சேர்க்காதே என்று விதி வருகிறது. அப்புறம் கடன்பட்டவன், அப்புறம் அடிமை. மூன்று பேர் விஷயத்திலும் வேறொருவன் வந்து ‘இவன் எனக்குப் பாத்தியப்பட்டவன்’ என்கிறான். பிச்சை எடுத்துச் சாப்பிடும் சங்கம் ராஜாவையும் பணக்காரனையும் பகைத்துக்கொண்டு பிழைத்திருக்க முடியாது. இதை நான் சமரசம் என்றே சொல்வேன். வேறு பேர் வைத்தால் உங்கள் தாத்தாவுக்கு நியாயம் செய்ததாகாது.

அதே புத்தர் சாமஞ்ஞபல சூத்திரத்தில் அஜாதசத்துவிடம் என்ன கேட்கிறார் பாருங்கள். உனக்கு முன்னால் எழுந்து, உனக்குப் பின்னால் படுத்து, உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் உன் அடிமை ஒருவன் துறவியாகிவிட்டால், அவனை மறுபடி வந்து அடிமை வேலை செய்யச் சொல்வாயா? ராஜா சொல்கிறான்: மாட்டேன், நான்தான் எழுந்து வணங்கி ஆசனம் கொடுப்பேன். ஒரு ராஜாவையே அப்படிச் சொல்ல வைத்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உபாசகர், அதாவது துறவு கொள்ளாத பௌத்தர், செய்யக் கூடாத ஐந்து வணிகங்களில் ஆயுதத்துக்கு அடுத்ததாக உயிர்களை விற்பது வருகிறது. ஆள் விற்பனை என்றுதான் உரைகாரர்கள் அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

தேரிகாதையில், அதாவது பிக்குணிகள் பாடிய பாடல்களின் தொகுப்பில், புண்ணிகாவைத் தேடிப் படியுங்கள். புத்தரை ஆதரித்த பெரும் வணிகன் அனாதபிண்டிகன் வீட்டு அடிமை என்று உரை சொல்கிறது. எசமானி திட்டுக்குப் பயந்து, குளிர்காலத்திலும் ஆற்றில் இறங்கித் தண்ணீர் சுமந்தவள். பாவம் கழுவ அதே ஆற்றில் நடுங்கிக்கொண்டு முழுகும் பிராமணரிடம், தண்ணீர் கழுவும் என்றால் தவளையும் ஆமையும் முதலையும் அல்லவா முதலில் சொர்க்கம் போகும் என்று கேட்கிறாள். தண்ணீரைத் தினமும் தோளில் சுமந்தவள் கேட்ட கேள்வி அது.

தியான வகுப்பு நண்பருக்கு, மோளியசீவகன் என்ற பரிவிராஜகன் புத்தரிடம் கேட்ட கேள்வியைக் காட்டுங்கள். மனிதன் படுவதெல்லாம் முன்வினையால்தான் என்கிறார்களே என்று அவன் கேட்க, பித்தம், சளி, வாயு, பருவ மாற்றம், பிறர் செய்யும் தாக்குதல் என்று மற்ற காரணங்களை அடுக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் முன்வினை என்பவர்கள் தப்பாகச் சொல்கிறார்கள் என்கிறார் புத்தர். உங்கள் தாத்தா பட்டதற்குக் காரணம் அந்த இரண்டாவது மரக்கால்.

ஓய்வுபெற்ற வக்கீல்:

தம்பி, சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். கம்பெனி ஆட்சியில் 1843ல் ஒரு சட்டம் வந்தது. ஒருவன் என் அடிமை, என் சொத்து என்று சொல்லி எவன் வழக்குப் போட்டாலும் நீதிமன்றம் ஏற்காது, அவ்வளவுதான். அடிமை வைத்திருப்பது குற்றம் என்று அது சொல்லவில்லை. 1862ல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம்தான் ஆளை வாங்கி விற்பதைக் குற்றமாக்கியது. சரி, அதற்காக ஆண்டைகள் கையைக் கட்டிக்கொண்டா இருப்பார்கள்? ஆளை எழுதி வாங்க முடியாத இடத்தில் கடனை எழுதி வாங்கினார்கள். அதே களத்துமேடு, அதே ஆள்.

1950ல் அரசியலமைப்பு வந்தது. பிரிவு 17 தீண்டாமையை ஒழித்தது. பிரிவு 23 கட்டாய உழைப்பைத் தடை செய்தது. ஆனால் கொத்தடிமைக் கடன் செல்லாது என்று நாடு முழுவதற்கும் தனிச்சட்டம் வர 1976 ஆயிற்று. நடுவில் 1952ல் தஞ்சாவூருக்கென்று பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். 1968 டிசம்பர் 25ல் உங்கள் பக்கத்துக் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். அன்றைக்கு எல்லாப் பிரிவும் புத்தகத்தில் இருந்தது.

அதனால்தான் அந்த வானொலிப் பேச்சில் எனக்கு முக்கியமாகப் படுவது நீங்கள் சொன்ன வரி இல்லை. சட்டத்தை எவனும் மீறலாம், சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் உண்மையான காவல் சகோதரத்துவம்தான் என்கிறார் பாருங்கள், அது. அரசியலமைப்பின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பேசுகிறார்! இரண்டு வருஷம் கழித்து நாக்பூர் போய்ப் பௌத்த தீட்சை எடுத்தார். அவர் பின்னால் போனவர்களுக்குச் சட்டம் கொடுத்த பரிசையும் உங்கள் பேச்சில் சொல்லுங்கள். 1950ஆம் வருஷத்து ஆணைப்படி பௌத்தரானவர் பட்டியல் சாதி இல்லை. அதைத் திருத்தியது 1990ல்.

ராயப்பேட்டை:

எல்லோரும் நாக்பூரிலிருந்தே ஆரம்பிக்கிறீர்கள். அயோத்திதாசர் 1898லேயே இலங்கை போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, இங்கே சாக்கிய பௌத்த சங்கம் ஆரம்பித்தார். 1907ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகை. தமிழில் பேசப் போகிறவர் அவரை விட்டுவிட்டுப் பேசினால் நான் முன்வரிசையில் உட்கார்ந்து முறைப்பேன்.

மூன்று வாரத் துறவி:

நான் படித்தவன் இல்லை. ஆனால் மியான்மாரில் மூன்று வாரம் காவி கட்டியிருந்தேன். உபசம்பதா என்கிற முழுத் துறவுச் சடங்கின்போது எல்லோர் நடுவிலும் நிற்க வைத்துப் பாலியில் வரிசையாகக் கேட்பார்கள். குஷ்டம் உண்டா, வலிப்பு உண்டா. அதெல்லாம் முடிந்து, மனிதன்தானா, ஆண்தானா. அப்புறம் ‘புஜிஸ்ஸோஸி?’ நீ சுதந்திரமானவனா? அடுத்து ‘அனணோஸி?’ கடன் இல்லாதவனா? நோய்க் கேள்விகளுக்கு ‘இல்லை’ என்றும், மனிதன்தானா என்பதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ‘ஆம, பந்தே’ (ஆமாம், ஐயா) என்றும் சொல்ல வேண்டும். முந்தின நாள் ஒத்திகையில் அர்த்தம் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு வங்கியில் வண்டிக் கடன் இருந்தது. பதறிப்போய்க் கேட்டேன், தவணை ஒழுங்காகப் போகிறதென்றால் பரவாயில்லை என்று சிரித்தார்கள்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்த இரண்டும் அடுத்தடுத்து வருவது ஞாபகம் வந்தது. வக்கீல் ஐயா கணக்குப்படி பார்த்தால், முதல் கேள்விக்கு 1843ல் ஏதோ ஒரு பதில் வந்தது. இரண்டாவதற்கு 1976.

வெட்டாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. ராயப்பேட்டை அண்ணன் முறைக்க வேண்டாம், அயோத்திதாசரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

துறவி எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். 1976 சட்டம் வந்த பிறகு கொத்தடிமைகளைக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்களாம். என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின ராத்திரியே பண்ணையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். களத்தில் வரிசையாக நிற்க வைத்து, கடன் ஏதாவது இருக்கா என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார்கள். தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “இல்லீங்க” என்றாராம். எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள். அப்பாவுக்கு அப்போது 19 வயது. நாலடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.