வார்ஃபரின் உட்கொள்பவருக்கான கீரை அளவு குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். களியக்காவிளை அருகே வசிக்கும் என் அம்மாவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டதிலிருந்து இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை கொடுத்து வருகிறோம். இரத்தம் உறைவதற்குத் தேவையான 2, 7, 9, 10 ஆகிய காரணிகளைக் கல்லீரல் முழுமையாக உருவாக்க வைட்டமின் கே வேண்டும். அந்த வைட்டமின் உடலில் மீண்டும் பயன்படும் நிலைக்குத் திரும்புவதை இம்மருந்து தடுப்பதால், உணவில் கீரை திடீரெனக் கூடினால் மருந்தின் வேகம் குறைகிறது, திடீரென நின்றால் இரத்தக்கசிவு அபாயம் ஏறுகிறது. மழைக்காலத்தில் முருங்கைக்கீரைத் துவரன் தினமும் சாப்பிட்ட இரு வாரங்களில், 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டிய ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை அளவு) 1.7 ஆக இறங்கிவிட்டது.

மருந்தளவை மருத்துவர் பார்த்துக்கொள்கிறார். கீரையை அறவே விலக்க வேண்டாம், வாரந்தோறும் ஒரே அளவில் உண்டால் போதும் என்றும் சொன்னார். அந்த "ஒரே அளவு" என்பதை வீட்டுக் கரண்டிக் கணக்கில் வகுப்பதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணையில் உள்ள வைட்டமின் கே அளவுகளை, முருங்கை, தண்டு, சேம்பு இலைகளுக்குத் தமிழில் எவரேனும் தொகுத்திருந்தால் அன்புகூர்ந்து பகிருங்கள்.