சயாம் ரயில் படத்தைப் பாட்டிக்குக் காட்டலாமா?

குமரன், சுங்கை சிப்புட்:
நேற்று ராத்திரி ‘தி ரெயில்வே மேன்’ பார்த்தேன். 1942-இல் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, ஜப்பான் ராணுவம் போட்ட சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட எரிக் லோமாக்ஸின் உண்மைக் கதை. ரகசியமாக ரேடியோ வைத்திருந்ததற்காக அவரைப் போட்டு வதைக்கிறார்கள். பல வருஷம் கழித்து, அன்றைக்கு மொழிபெயர்ப்பாளராக நின்ற நாகாசேயைத் தேடிப்போய் நேருக்கு நேர் நிற்கும் இடத்தில் எனக்கு அழுகை அடங்கவில்லை. பாட்டியின் அப்பாவையும் எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து அங்கேதான் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவே இல்லை. பாட்டிக்குத் தொண்ணூறு ஆகப்போகிறது. கூட உட்கார வைத்துக் காட்டலாமா, வேண்டாமா?

மாலா, தைப்பிங்:
நல்ல படம்தான் தம்பி, ஆனால் பாட்டி அதில் அவருடைய அப்பாவைத் தேடுவார், அவர் அதில் இருக்க மாட்டார். எனக்கு ஆறாத கோபம் இது. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். மலாயாவிலிருந்து மட்டும் போன தொழிலாளர்கள் 70,000-க்கு மேல், அதில் பெரும்பாலும் நம் தோட்டத்து ஆட்கள். அந்த வருஷ மழையில் வாந்திபேதி பரவியபோது கைதிகளுக்காவது அவர்களுடைய ராணுவ டாக்டர்கள் கூடவே இருந்தார்கள், நம்மவர்களைக் கவனிக்க நாதியில்லை. தாய்லாந்தில் காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கே சரியான கணக்கு கிடையாது.

ஆறுமுகம்:
மாலா சொல்வது நியாயம்தான், ஆனால் அது லோமாக்ஸின் கதை, அவர் பட்டதை அவர் சொன்னார். நம் பக்கத்தை நாம்தான் சொல்ல வேண்டும். அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ நாவலைத் தேடிப் படியுங்கள் தம்பி. முதலில் கூலி தருகிறோம், அரிசி தருகிறோம் என்று ஆசை காட்டினார்கள், மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த ஜனம் நம்பிப் போனது. போனவர்கள் யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் ஆள் கிடைக்கவில்லை, அப்புறம் பலவந்தம்தான். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்த ஆம்பிளைகளை அப்படியே லாரியில் ஏற்றிய கதையும் உண்டு. பாட்டிக்கு அந்த ஞாபகம் இருந்தால் ‘படம் பார்க்கலாம் வா’ என்று நீங்கள் கூப்பிடுவதே எப்படி இருக்கும், யோசியுங்கள். முதலில் அவரைப் பேச விடுங்கள். அவரே கேட்டால் பகலில் போட்டுக் காட்டுங்கள், தண்ணீரை ஊற்றி வதைக்கும் காட்சியைத் தள்ளிவிடுங்கள்.

குமரன், சுங்கை சிப்புட்:
சரி ஐயா, அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. சனிக்கிழமை போய்ப் பேசிப் போனில் பதிவு செய்கிறேன். இப்போது எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயம் இல்லை, பால்மரமும் இல்லை, எல்லாம் செம்பனை. பாட்டிக்கு மட்டும் அன்றைய கிராணி (தோட்டத்து எழுத்தர்), கங்காணி பெயர் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஒன்று கேட்க வேண்டும், ஜப்பான் காலத்துத் தோட்டச் செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) எங்கேயாவது பார்க்கக் கிடைக்குமா? பாட்டியின் அப்பா பெயர் எந்த மாதத்தோடு நின்றது என்று தெரிந்தால்கூடப் போதும், திதி கொடுக்கப் பாட்டிக்கு ஒரு நாள் கிடைக்கும்.