கீசர் காயிலை மாற்றும் முன் ஒரு கணக்கு: உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்

வயரிங் வேலை செய்பவர், ஈரோடு:

போன மழைக்காலத்தில் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். 25 லிட்டர் கீசர். தண்ணீர் சூடாக முன்பைவிட ரொம்ப நேரம் பிடிக்கிறது, காயில் போயிருக்கும், மாற்றிக் கொடுங்கள் என்றார்கள். எதையும் கழற்றும் முன் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். லேபிளில் 230 வோல்ட், 2000 வாட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். வோல்ட்டை அந்த ஆம்பியரால் வகுத்தால் காயிலின் மின்தடை 26.4 ஓம்.

கீசரை ஓடவிட்டு, வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை பேஸ் வயரில் மட்டும் மாட்டினேன். கரண்ட் திரும்பி வரும் நியூட்ரல் வயரையும் சேர்த்துப் பிடித்தால், போவதும் வருவதும் ஒன்றையொன்று அடித்து, பூஜ்யம்தான் காட்டும். 7.4 ஆம்பியர் வந்தது. சாக்கெட்டில் 195 வோல்ட். வகுத்தால் 26.35 ஓம், அதாவது காயில் புதிது மாதிரியே இருக்கிறது! ஆனால் பெருக்கினால் 1443 வாட்தான். வோல்டேஜ் 15 சதவீதம் குறைந்ததற்கே வாட் 28 சதவீதம் போய்விட்டது. வோல்டேஜ் குறையும்போது கரண்டும் கூடவே இறங்குவதால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது.

லோ வோல்டேஜ் என்று அதோடு முடித்திருக்கலாம். ஆனால் அதே நேரத்தில் மீட்டர் போர்டில் 225 வோல்ட் இருந்தது. கீசரை அணைத்ததும் சாக்கெட்டிலும் ஏறக்குறைய அதே அளவு. ஆக, கரண்ட் ஓடினால் மட்டும் நடுவழியில் 30 வோல்ட் காணாமல் போகிறது. 30-ஐ 7.4-ஆல் வகுத்தால் 4 ஓம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 15 மீட்டர் போய்த் திரும்பினாலும் கால் ஓம்கூட வராது. அந்த 4 ஓம் ஏதோ ஒரு ஜாயின்ட்டில்தான் இருக்க வேண்டும். 30-ஐ 7.4-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 222 வாட். இரண்டு 100 வாட் குண்டு பல்புகளின் சூடு, சுவருக்குள் ஒரு சின்னப் பெட்டியில்!

மெயினை அணைத்துவிட்டு குளியலறைக் கதவுக்கு மேலே இருந்த பெட்டியைத் திறந்தோம். கனெக்டர் உருகி, வயர் தோல் கருகியிருந்தது. வெட்டிப் புதிதாக இணைத்தபின் சாக்கெட்டில் 223 வோல்ட், 8.4 ஆம்பியர். காயிலைத் தொடவே இல்லை. தீப்பிடிக்க இருந்த வீடு அது.

இயற்பியல் ஆசிரியை:

ஓடும்போது அளந்தீர்களே அண்ணா, அதுதான் முக்கியம். எங்கள் லேபில் 100 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் வைத்தால் 40 ஓம் போலத்தான் காட்டும். அதை வைத்து 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 1300 வாட்டுக்கு மேல் வரும். பிள்ளைகள் திகைத்துப் போவார்கள். எரியும்போது டங்ஸ்டன் இழை 2000 டிகிரிக்கும் மேல் சூடாகி, மின்தடை 529 ஓம் வரை ஏறிவிடுகிறது. கீசர் காயில் நிக்ரோம் என்ற உலோகக் கலவை என்பதால் சூட்டில் அதன் மின்தடை அவ்வளவு மாறாது, உங்கள் கணக்கும் சரியாக வந்தது.

மோட்டார் காயில் கட்டுபவர்:

இந்த வகுத்தல், பெருக்கல் கணக்கை அப்படியே மோட்டாருக்குக் கொண்டுவராதீர்கள். கிணற்று மோட்டார் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் எடுத்தால் பெருக்கி 1380 வாட் என்று எழுதிவிடுகிறார்கள். பவர் பேக்டர், அதாவது அந்தப் பெருக்கலில் உண்மையில் வாட்டாகும் பங்கு, 0.8 என்றால் உண்மையில் இழுப்பது 1104 வாட். வைண்டிங்கை, அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றை, மல்டிமீட்டரில் பார்த்தால் சில ஓம்தான் இருக்கும், அதை வைத்து ஷார்ட் என்று முடிவுகட்டி நல்ல மோட்டாரைப் பிரிக்க வேண்டாம். ஓடும்போது எடுக்கும் ஆம்பியரை நேம் பிளேட்டோடு ஒப்பிடுங்கள், அப்புறம் என்னிடம் கொண்டு வாருங்கள்.