அம்பையிலிருந்து சென்னை விமான நிலையம்: மேப் காட்டும் நேரத்தை எவ்வளவு நம்பலாம்?

அம்பை வடக்குத்தெரு:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த சனிக்கிழமை இரவு 10.30 மணி விமானத்தில் தங்கை சென்னையிலிருந்து வெளிநாடு போகிறாள். அம்பாசமுத்திரத்திலிருந்து காரில் கொண்டுபோய் விடப் போகிறோம். வண்டியில் நான், மச்சான், தங்கை, அவளுடைய நாலு வயசுப் பையன், சர்க்கரை உள்ள அம்மா. ஓட்டுவது நானும் மச்சானும் மாறி மாறி.

மேப்பில் போட்டால் பத்து மணி நேரம் சொச்சம் காட்டுகிறது. ஆனால் போன தீபாவளி சமயத்தில் இதே பாதையில் போனபோது மேப் காட்டியதைவிட நாலு மணி நேரம் கூடுதலாக ஆனது. இந்த முறை அப்படி ஆனால் விமானம் போய்விடும்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. பெரியப்பா, "முந்தின நாள் ராத்திரி பதினொண்ணுக்கே கிளம்பிடுங்க, ரோடு காலியா இருக்கும்" என்கிறார். மச்சான், "காலையில எட்டு மணிக்குக் கிளம்பி 110 கி.மீ. வேகத்துல போனா போதும்" என்கிறார். உண்மையில் எத்தனை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்? எந்த இடத்தில் நேரம் போகிறது? எதைக் குறைக்க முடியும்? அடிக்கடி போய்வருபவர்கள் சொல்லுங்கள்.

கோவில்பட்டி கரிசல்:
வந்தே பாரத் பார்த்தீர்களா? 2023 செப்டம்பரிலிருந்து திருநெல்வேலி – சென்னை எழும்பூர் ஓடுகிறது. காலையில் ஏறினால் எட்டு மணி நேரத்துக்குள் எழும்பூர். அம்மாவையும் குழந்தையையும் அதில் அனுப்பிவிட்டு பெட்டிகளை மட்டும் காரில் ஏற்றலாமே.

அம்பை வடக்குத்தெரு:
பார்த்தோம் அண்ணே. அந்தத் தேதிக்கு எல்லாருக்கும் சேர்த்து இடம் கிடைக்கவில்லை. திருவனந்தபுரம் விமான நிலையம் எங்களுக்குப் பக்கம்தான், ஆனால் டிக்கெட் சென்னையிலிருந்து எடுத்தாகிவிட்டது. கார்தான் வழி.

நெல்லை நாற்கரம்:
தம்பி, வாடகை வண்டி ஓட்டுகிற எனக்கு இது தினப்படிப் பாதை. நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் மேப். அது காட்டுவது சக்கரம் உருளும் நேரம் மட்டும். நீங்கள் சாப்பிடுவது, அம்மா இறங்கி ஏறுவது, பையன் அழுவது எதுவும் அதில் கிடையாது. இன்னொன்று, ராத்திரி படுக்கையில் இருந்துகொண்டு பார்த்தால் அந்த நேரத்து ரோட்டைத்தான் காட்டும். புறப்படும் தேதியையும் நேரத்தையும் குறித்துப் பார்க்கும் வசதி அதிலேயே இருக்கிறது. அப்படிப் பார்த்தால் பெரும்பாலும் 'இத்தனை முதல் இத்தனை வரை' என்று இரண்டு எண் வரும். அதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, 650 கிலோமீட்டரையும் ஒரே ரோடாக நினைத்து ஒரு சராசரி வேகத்தால் வகுக்காதீர்கள். துண்டு துண்டாக வெட்ட வேண்டும். நான் போடும் கணக்கு இது. தூரம் எல்லாம் ஏறத்தாழ.

அம்பையிலிருந்து கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பேட்டை, தச்சநல்லூர் வழியாகத் தாழையூத்து வரை 45 கி.மீ. ஊர் ஊராக வேகத்தடை. ஒன்றேகால் மணி நேரம்.

தாழையூத்து முதல் கப்பலூர் வரை நாற்கரச் சாலையில் 140 கி.மீ. சராசரி 80 என்று வைத்தால் ஒன்றேமுக்கால் மணி.

கப்பலூரில் வலப்பக்கம் மதுரை ரிங் ரோட்டைப் பிடித்து உத்தங்குடி வரை 27 கி.மீ. 40 நிமிஷம். இந்தத் திருப்பத்தைத் தவறவிட்டு நேரே போனால் சமயநல்லூர், திண்டுக்கல் பக்கம் போய்விடுவீர்கள். அந்த இடத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவர் விழித்திருக்கணும்.

மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை வழியாகத் திருச்சி பஞ்சப்பூர் வரை 120 கி.மீ. ஒன்றரை மணி.

பஞ்சப்பூரிலிருந்து பால்பண்ணை, சஞ்சீவி நகர், காவேரி, கொள்ளிடம் தாண்டிச் சமயபுரம் வரை 22 கி.மீ. 35 நிமிஷம்.

சமயபுரம் முதல் செங்கல்பட்டு வரை 255 கி.மீ. மூணேகால் மணி.

செங்கல்பட்டு முதல் விமான நிலையம் வரை 40 கி.மீ. நல்ல நேரமாக இருந்தால் ஒரு மணி. மாலை நேரத்தில் இரண்டு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

மொத்தம் பத்து மணி நேரம். மேப்பும் அதைத்தானே காட்டுகிறது? மேப் பொய் சொல்லவில்லை. அதன் மேல் நிறுத்தங்களுக்கு இரண்டு மணி நேரம் போடுங்கள், பன்னிரண்டு. அதற்கும் மேல் பஞ்சருக்கோ விபத்து நெரிசலுக்கோ ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் எதுவுமே நடக்காவிட்டால்கூட இரவு எட்டு மணி. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு, அதாவது 7.30க்கு, உள்ளே இருக்க வேண்டும். மச்சான் கணக்கு ஒத்துவராது.

அம்பை வடக்குத்தெரு:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. மச்சான் இதைப் படித்துவிட்டு, "நாற்கரத்தில் 80 எதுக்கு, 110ல போனா ரெண்டு மணி நேரம் மிச்சம்" என்கிறார். ஆகாதா? அப்புறம், தென்காசி போய் ராஜபாளையம் வழியாகத் திருமங்கலம் வந்தால் கிட்டத்தில் இருக்குமோ?

நெல்லை நாற்கரம்:
ராஜபாளையம் வழி தென்காசி, கடையநல்லூர்க்காரர்களுக்கு நேர். உங்களுக்கு தூரத்தில் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் புளியங்குடி, சிவகிரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர்கள் அடுத்தடுத்து குறுக்கே வரும். ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டினால் நேரம் போய்விடும். நெல்லை வழியே வாருங்கள்.

வேகத்துக்கு வருவோம். நாற்கரத் துண்டுகள் மூன்றும் சேர்ந்து 515 கி.மீ. சராசரி 80ல் ஆறு மணி 26 நிமிஷம். 90ல் ஐந்து மணி 43. 100ல் ஐந்து மணி 9. முதல் பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு 43 நிமிஷம் மிச்சம், அடுத்த பத்துக்கு 34 தான். மேலே போகப் போக லாபம் சுருங்கும், ஆபத்து ஏறும். இதெல்லாம் சராசரி என்பதை மச்சானிடம் சொல்லுங்கள். சராசரி 80 வருவதற்கே வேகமானி முள் 90க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். சுங்கச்சாவடி இருக்கிறது, குறுக்கே கடக்கும் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், எதிர்த்திசையில் வரும் பைக் இருக்கிறது. சராசரி 100 வேண்டும் என்றால் முள் 120ஐத் தொடணும். குழந்தையும் வயசான அம்மாவும் உள்ள வண்டியில் அது கூடவே கூடாது. சாலையோரப் பலகையில் என்ன வேகம் போட்டிருக்கிறதோ அதற்குள் ஓட்டுங்கள்.

நேரம் மிச்சமாகும் இடம் வேறு. பத்து நிமிஷம் என்று இறங்கும் காபி எப்படியும் இருபத்தைந்து நிமிஷம் ஆகும். ஒருவர் கழிப்பறை போய்வந்த பிறகு இன்னொருவர் போவார், அப்புறம் பையனுக்கு பிஸ்கட், அப்புறம் போன் பேச்சு. நாலு நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் இப்படியே கரைந்துவிடும். நிறுத்தினால் டீசல், கழிப்பறை, டீ, ஓட்டுநர் மாற்றம் எல்லாம் ஒரே இடத்தில் முடியணும். டேங்கை வெள்ளிக்கிழமை சாயங்காலமே நிரப்புங்கள். டயர் காற்றையும் வண்டி சூடாவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாள் பாருங்கள். கயத்தாறு பக்கம் தொடங்கிப் பரனூர் வரை சாவடிகள் வரிசையாக வரும். டேக் வேலை செய்யாவிட்டால் 2025 நவம்பர் 15 முதல் யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. காசைவிட, அங்கே நின்று பேசும் நேரம்தான் நமக்கு நஷ்டம்.

பெரியப்பா யோசனை பற்றி. ரோடு காலியாக இருக்கும், உண்மைதான். ஆனால் பதினொன்றுக்குக் கிளம்பினால் நடுராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் மதுரைக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் இருப்பீர்கள். மனித உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரம் அது. நின்ற லாரியில் பின்னால் மோதும் விபத்துகளை நான் அதிகம் பார்த்ததும் அந்த நேரத்தில்தான். பகலெல்லாம் பெட்டி கட்டிவிட்டு ராத்திரி ஓட்டுபவருக்குக் கண் எப்படி நிற்கும்? வேண்டாம் தம்பி. ஒன்பது மணிக்கே இரண்டு பேரும் படுத்து, காலை நாலரைக்குக் கிளம்புங்கள்.

குரோம்பேட்டை அக்கா:
நான் பாளையங்கோட்டை, கல்யாணமாகி இங்கே வந்தவள். கடைசி 40 கிலோமீட்டர் பற்றி நான் சொல்கிறேன்.

சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், கூடுவாஞ்சேரி, கிளாம்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம். இத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் சிக்னலும் பேருந்தும். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்ததிலிருந்து தென் மாவட்டப் பேருந்துகள் அங்கேயே திரும்புவதால் அந்த இடமும் கவனம். நல்ல வேளை, விமான நிலையம் உள்ள மீனம்பாக்கம், சென்னை நகருக்குள் போகும் முன்பே வந்துவிடும்.

எந்தத் திசையில் போகிறீர்கள் என்பது முக்கியம். வெள்ளி சாயங்காலம் சென்னையிலிருந்து ஊருக்குப் போகும் பக்கம் அடைத்துக்கொள்ளும். ஞாயிறு சாயங்காலம் முதல் திங்கள் விடியற்காலை வரை சென்னைக்குள் வரும் பக்கம் அடைக்கும், ஆத்தூர், பரனூர் சாவடிகளிலேயே தெரிந்துவிடும். தீபாவளி, பொங்கல் என்றால் கேட்கவே வேண்டாம். நீங்கள் சொன்ன நாலு மணி நேரம் அப்படித்தான் போயிருக்கும். சனிக்கிழமை பகலில் உள்ளே வருவது இருக்கிறதிலேயே நல்லது.

திருவிழாவும் பாருங்கள். மாசிக் கடைசி ஞாயிற்றில் சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கும், அப்போது பாதயாத்திரைக்காரர்கள் நெடுஞ்சாலை ஓரமாக நடப்பார்கள். தைப்பூசம் முடியும் வரை மேல்மருவத்தூரில் செவ்வாடை பக்தர்களின் பேருந்துகள் நிற்கும். உங்கள் தேதி இவற்றில் மாட்டாமல் இருந்தால் சரி.

இன்னொரு யோசனை: சீக்கிரம் வந்துவிட்டால் விமான நிலையத்தில் அம்மாவை உட்காரவைக்க வேண்டாம். தாம்பரம், பல்லாவரம் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே படுக்க வையுங்கள். காத்திருக்கிற நேரம் கஷ்டமான ரோட்டைத் தாண்டின பிறகு இருக்கணும். விழுப்புரத்தில் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டு கூடுவாஞ்சேரியில் தவிப்பது வேண்டாம்.

அம்பை வடக்குத்தெரு:
அக்கா, பல்லாவரத்தில் சித்தி வீடு இருக்கிறது! அது தோன்றவே இல்லை. அம்மாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கியே ஆகணும், அதைக் குறைக்க முடியாது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கல்லிடை மருமகள்:
அதைக் குறைக்கவே கூடாது. இரண்டு மணிக்கொரு முறை நிறுத்துவது ஓட்டுபவருக்கும் நல்லது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளக் கூடாது என்பதால் கையிலேயே கொண்டுபோங்கள். மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவிய இட்லியை வாழையிலையில் பொதிந்தால் காலைக்கு ஆச்சு. மதியத்துக்குப் புளியோதரை, துவையல். ஓட்டலில் இலைக்குக் காத்திருக்கும் அரை மணி நேரம் மிச்சம், பையனுக்கும் வயிறு கெடாது. ஓட்டுபவர்கள் மதியம் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், இரண்டு மணி வெயிலில் கண் சொக்கும். அம்மாவின் மாத்திரையும் இன்சுலினும் இருக்கும் பை பின்னால் டிக்கியில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெல்லை நாற்கரம்:
சரியாகச் சொன்னீர்கள் அம்மா. தம்பி, இன்னும் ஒன்று: செங்கல்பட்டை நான்கு மணிக்குள் தொட்டால் பயமில்லை. அந்த ஒரு நேரத்தை மட்டும் மனதில் வையுங்கள். ஐந்தரை தாண்டியும் செங்கல்பட்டு வரவில்லை என்றால்தான் கவலை. நடுவில் பின்தங்கினால் வேகத்தைக் கூட்டாமல் ஒரு நிறுத்தத்தைச் சுருக்குங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033க்கு அடியுங்கள்.

அம்பை வடக்குத்தெரு:
பத்திரமாக வந்து சேர்ந்தோம். தங்கை விமானம் ஏறிவிட்டாள். உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நாலே முக்காலுக்குத்தான் கிளம்ப முடிந்தது. சாத்தூர் தாண்டி ஏழு மணிக்கு இட்லி. மதுரை ரிங் ரோட்டில் அண்ணாச்சி சொன்ன அதே 40 நிமிஷம். திருச்சியில் பால்பண்ணை பக்கம் 20 நிமிஷம் கூடுதலாகப் போனது. பெரம்பலூர் தாண்டி மதியச் சாப்பாடு, 45 நிமிஷம். செங்கல்பட்டு மூன்றே முக்கால். மறைமலை நகரிலிருந்து ஊர்ந்துதான் வந்தோம், பல்லாவரம் சித்தி வீட்டை அடையும்போது மணி ஐந்து பத்து. அம்மா ஒரு தூக்கம் போட்டார்கள். ஏழு மணிக்குக் கிளம்பி நேரத்துக்கு முன்பே உள்ளே போய்விட்டோம். முள் 95ஐத் தாண்டவில்லை, மச்சானும் தாண்டவில்லை.

திங்கள்கிழமை திரும்புகிறோம். எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

குரோம்பேட்டை அக்கா:
ரொம்ப சந்தோஷம் தம்பி. திங்கள் காலை சென்னைக்குள் வரும் பக்கம்தான் கூட்டம், நீங்கள் போகும் பக்கம் பரவாயில்லை. இருந்தாலும் தாம்பரத்தை ஆறு மணிக்கு முன்பே தாண்டிவிடுங்கள், பள்ளி, அலுவலக வண்டிகள் கிளம்பும் முன்.

நெல்லை நாற்கரம்:
ஆமாம், ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போதே தாழையூத்தில் இறங்கிவிடலாம். சேரன்மகாதேவி ரோட்டில் இருட்டில் மாடுகள் படுத்திருக்கும், அது தெரிந்த ஊர்தானே என்று விரட்டாமல் வாருங்கள்.