நிமிர்ந்துவிட்ட நிஷாதம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்திவரும் நான், ஆறு ஆண்டுகளாகப் புதுச்சேரியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவுப் பாடம் நடத்துவதோடு, முனைவர் பட்ட ஆய்வும் செய்துவருகிறேன். மூன்றுக்கும் நேரம் எப்படிப் போதுகிறது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். காலையில் கன்னியக்கோவில், அரியாங்குப்பம் வழியாகப் பேருந்தில் வகுப்புக்குப் போவேன். மாலை ஆறு மணிக்கு மேல் மிக்சிங். நேரம் எப்படியோ அமைந்துவிடுகிறது. கூடத்தில் கை பழகிச் செய்யும் ஒன்றுக்கு வகுப்பில் காரணம் சொல்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

ஓர் ஓதுவார் பாடிய நமச்சிவாயப் பதிகத்தை ஒரு குறுந்தகட்டுக்காகப் பதிவு செய்திருந்தேன். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் அதைப் பாடிக்கொண்டே கரையேறியது எங்கள் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் என்பதால், அந்தப் பணியில் எனக்குத் தனிப் பற்று இருந்தது. அதன் பண் காந்தாரபஞ்சமம், இன்று அதைக் கேதாரகௌளை ராகத்தில் பாடுகிறார்கள். வழக்கம்போல் சுருதி திருத்தும் மென்பொருளில் இட்டு, குரலைச் சீராக்கிக் கொடுத்தேன். வெளியிட்டவர்களும் மகிழ்ந்தார்கள்.

அதையே வகுப்பில் போட்டுக் காட்டியபோது, வாய்ப்பாட்டு கற்ற ஒரு மாணவி, "சார், மேல் ஷட்ஜத்தைத் தொட்டு அசைந்து இறங்க வேண்டிய நிஷாதம் ஏன் நேராக நிற்கிறது?" என்று கேட்டார். ஏழு ஸ்வரங்களில் நிஷாதம் 'நி', ஷட்ஜம் 'ச'. 1997இல் ஆட்டோ-டியூன் வந்ததிலிருந்து புழங்கும் இவ்வகைக் கருவிகள், குரலின் அதிர்வெண்ணைக் கண்டறிந்து, ஒரு ஸ்தாயியின், அதாவது 'ச' முதல் மேல் 'ச' வரையிலான, பன்னிரண்டு ஸ்வர இடங்களில் அருகிலுள்ள ஒன்றுக்கு அதை இழுத்துவிடுகின்றன. இழுக்கும் வேகத்தைக் கூட்டிவைத்தால் கமகத்தையும், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதையும், பிழையென்றே எடுத்துக்கொள்கின்றன. இதை அறிந்திருந்தும் அந்த இடத்தை நான் செவிகொடுத்துக் கேட்கவில்லை. திரைப்பாடல் வேலைக்கு இன்றும் அக்கருவியைப் பயன்படுத்துகிறேன். தேவாரத்தின்மீது அதை வைத்தது என் தவறு.

அன்றிலிருந்து அதுவே என் ஆய்வுப் பொருளாயிற்று. இப்போது எந்தக் குரலையும் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதிந்து, கைபடாத மூலக் கோப்பைத் தனியே வைத்துவிடுகிறேன். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் இடம் பிடிக்கும். அது பெரிய செலவன்று. ஒரே பதிவை விற்பனைக்கு ஒரு விதமாகவும் ஆய்வுக்கு வேறு விதமாகவும் கேட்கச் செவியைப் பழக்குவதற்குத்தான் எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஓதுவார் ஐயாவிடம் சென்று, திருத்திய பதிவைப் போட்டுக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். கண்மூடிக் கேட்டவர், "தம்பி, இந்த இடத்தைப் பாடினது யாரு?" என்றார். கோபமில்லாமல் அதே அடியை மூன்று முறை பாடியும் கொடுத்தார். மூன்றிலும் அந்த நிஷாதத்தின் அசைவு ஒரே அகலத்தில் இல்லை. அதைத்தான் இப்போது அளந்துகொண்டிருக்கிறேன்.