ஏரி வரைக்கும் எல்லோரும் போய்விடுகிறோம், மிச்ச நடைதான் நடை

குன்று, ஏரி, பள்ளத்தாக்கு என்று ஒரே நாளில் சுற்றி வருகிற, ரொம்பக் கடினமும் சுலபமும் இல்லாத மலை நடைகளில் ஏரி வரை யாருக்கும் பெரிய சிரமம் இருப்பதில்லை. காலையில் கால் தெம்பாக இருக்கும், வெயில் ஏறியிருக்காது, மேலே போனால் தண்ணீர் தெரியும் என்கிற ஆசையே இழுத்துக்கொண்டு போய்விடும். ஏரியைப் பார்த்ததும் வந்த வேலை முடிந்தது போலப் பையைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் இறக்கமும், ஓடை கடப்பதும், அப்புறம் இன்னொரு ஏற்றமும் பாக்கி இருக்கும். இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர் அப்படி ஒரு நடையில் சந்தித்த ஒரு அம்மா.

வயது அறுபதுக்கு மேல் இருக்கும், தனியாக வந்திருந்தார். நாங்கள் முந்திப் போவதும், மூச்சு வாங்க நிற்பதும், அதற்குள் அவர் எங்களைக் கடந்து போவதுமாகவே முதல் ஏற்றம் முழுக்கக் கழிந்தது. அவர் வேகமாகவும் நடக்கவில்லை, எங்கேயும் நிற்கவும் இல்லை. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் போதும், பேச்சு நடுவில் மூச்சுக்காக அறுந்தால் அடியைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள் என்றார். அடுத்த வளைவிலிருந்து அப்படியே நடந்து பார்த்தோம், நிற்க வேண்டிய தேவையே வரவில்லை.

ஏரி, எப்போதோ பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளத்தில் தேங்கியது. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, நான்காவது பக்கம் ஒரு கல் வரம்பு, அதன் தாழ்வான இடத்தில் தண்ணீர் வழிந்து ஓடையாக இறங்குகிறது. கரையில் குனிந்தால் அடியில் கிடக்கும் கூழாங்கல்லில் ஓடுகிற வெள்ளைக் கோடு வரை தெரிந்தது, நாலடி தள்ளி ஒரே கருநீலம். ஏறி வந்த வியர்வையோடு இரண்டு பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாறைமேல் நின்று குதிக்கப் பார்த்தார்கள். அந்த அம்மா, "தம்பி, முதல்ல காலை விட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். விட்டவன் அடுத்த நொடியே வெளியே இழுத்துக்கொண்டான். 15 டிகிரிக்குக் குறைவான தண்ணீரில் திடுமென விழுந்தால் நம்மைக் கேட்காமலே உடம்பு ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும், அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பையன்கள் கரையோரமாக மெல்ல இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று ஆசை தீர விளையாடிவிட்டுத்தான் வந்தார்கள்.

இறங்குவதற்கு முன்னால் அவர் செய்ததைத்தான் நான் மறக்கவே மாட்டேன். ஒரு கல்லில் உட்கார்ந்து இரண்டு ஷூ கயிறையும் முழுசாகத் தளர்த்தி, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்பக்கம் உட்காரவைத்து, கணுக்கால் பக்கம் மட்டும் இறுக்கிக் கட்டினார். இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கி விரல் நுனி இடித்துக்கொண்டே வருவது இதனால் நின்றுவிடும். கையிலிருந்த ஊன்றுகோலையும் கொஞ்சம் நீட்டிக்கொண்டார். இறங்கும்போது மூச்சு வாங்காது என்பதால் சுலபம் என்று நினைக்கிறோம், ஆனால் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த வலி மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் முழுசாகத் தெரியும்.

பள்ளத்தாக்கில் ஓடையோரம் ஒரு குடும்பம் களைத்து உட்கார்ந்திருந்தது. சின்னப் பெண் ஒருத்தி, பாட்டிலில் ஒரு வாய் தண்ணீர். எதிரே இரண்டாவது ஏற்றம். மேற்கே முகடு உயரமாக இருந்ததால் வானம் வெளிச்சமாக இருந்தும் பாதையில் நிழல் விழுந்துவிட்டது, குளிரும் இறங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் என்று அவர்கள் கேட்க, அம்மா கணக்குப் போட்டுச் சொன்னார். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு அது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உதாரணத்துக்கு, 14 கிலோமீட்டர் நடை, மொத்த ஏற்றம் 900 மீட்டர் என்றால் ஓய்வே இல்லாமல் நாலேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். குழந்தையோடு என்றால் இன்னும் கூடும். சரி, ஏற்றம் வேண்டாம், ஓடையை ஒட்டிப் போகிற பாதையில் வெளியேறிவிடுங்கள் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். எங்களிடம் இருந்த தண்ணீரில் பாதியை அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தோம்.

அந்த அப்பாவுக்குத் திரும்ப மனசே வரவில்லை, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்றார். எனக்கு அவர் ஏமாற்றம் புரிந்தது, ஆனாலும் அம்மா சொன்னதுதான் சரி.

இப்போதெல்லாம் புது நடை என்றால் வரைபடத்தில் நான் முதலில் தேடுவது ஏரிக்கு அப்புறம் எத்தனை மீட்டர் ஏற்றம் பாக்கி, நடுவில் வெளியேற வழி எங்கே என்பதைத்தான். ஏரியிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதையும் முதல் நாளே குறித்துவிடுகிறேன்.